மூத்தார் எழுதிய நூற்று நாற்பத்து மூன்றாம் வரி

ஜாஸ்குல்லிடம் ஒரு ஃபைல் போய்விட்டு முதல் தடவையே தேறித் திரும்பியதாகச் சரித்திரம் கிடையாது. வரியின் கடைசியில், யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு காலி இடம் கிடந்தால்கூடப் போதும், அவளுக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி ஆகிவிடும். திருப்பி அனுப்பிவிடுவாள். தாலாய் என்ற பையன் (பையன் என்ன பையன், முப்பது வயசு, தாடி வேறு) ஒரு ஃபைலைப் பதினான்கு தடவை திருத்தி அனுப்பினான். பதினைந்தாவது தடவை ஒரு டப்பா இனிப்போடு வந்து நின்றான். அவள் இரண்டு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, "இனிப்பு நல்லாருக்கு. ஐம்பத்தெட்டாவது வரிதான் நல்லால்ல" என்றாள்.

பிஷ்கெக் நகரத்தில் ஒரு பழைய காலுறைத் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில் அவர்கள் ஏழு பேர் வேலை பார்த்தார்கள். கால்வாய் மதகுகளைத் தானாகத் திறந்து மூடுகிற, உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டர் போர்டு செய்வது தொழில். இந்தப் போர்டு இருக்கிறதே, அதற்குத் தன் உடம்பைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. எந்தச் சிப் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்தக் கம்பி எந்த மோட்டாருக்குப் போகிறது என்று யாராவது ஒரு ஃபைலில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியதை அது அப்படியே நம்பும். உனக்குக் காலில் ஆறு விரல் என்று எழுதினால், ஆறாவது விரலைத் தேடிக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும்.

இதற்குத் தகப்பன் அது, அதற்குப் பிள்ளை இது என்று கிளை பிரித்து எழுதுவதால், ஆபீசில் அந்த ஃபைலுக்கு வம்சாவளி என்றே பேர் வைத்திருந்தார்கள். ஏழு பாட்டன் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற ஜனங்கள், வேறென்ன பேர் வைப்பார்கள்?

அங்கே ஒரு சட்டம் உண்டு. எழுதியவர் பெயருக்குக் கீழே, "சரிபார்த்தவர்" என்று இன்னொருவர் பெயர் விழ வேண்டும். விழாவிட்டால் போர்டில் ஏற்றுகிற இயந்திரம் அந்த ஃபைலைத் தொடவே தொடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் சகின்பெக். ஆபீசுக்குத் தலைவர். ஜாஸ்குல்லின் புருஷன் எர்மெக்குக்குக் கூடப் பிறந்த அண்ணன். அதாவது, அவளுக்கு மூத்தார்.

வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம். அந்த வீட்டுக்குக் கெலினாக, மருமகளாக, அடியெடுத்து வைத்த நாளிலிருந்து அவள் மூத்தாரின் பெயரைச் சொன்னதில்லை. அவருக்கு முதுகு காட்டி நடந்ததில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நகரத்துப் பெண்கள் பலர் இதையெல்லாம் எப்போதோ மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார்கள். ஆனால் எர்மெக்கின் குடும்பம் அந்த மூட்டையைப் பரணிலிருந்து இறக்கித் தினமும் தூசி தட்டுகிற குடும்பம். நேரில் அவரை அவள் "பைகே" என்பாள், அண்ணா என்கிற மாதிரி. மற்றவர்களிடம் பேசும்போது "மேலிடம்" என்பாள்.

"மேலிடம்னா யாரு? பேரச் சொல்லு, புரியல" என்று தாலாய் வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பான்.

"உன் சம்பளத்துல கையெழுத்துப் போடுறவரு. இப்பப் புரியுதா?"

இத்தனை வருஷம் இது ஓடியதற்குக் காரணம் வாலெண்டின் பெத்ரோவிச். மூத்தார் எழுதும் ஃபைல்களைப் பார்ப்பது அந்தப் பெரியவர் வேலை, மற்றவர்களை வறுத்தெடுப்பது ஜாஸ்குல் வேலை. ஏப்ரல் கடைசியில் பெரியவர் தன் தோட்டத்தில் உருளைக்கிழங்கு நடப் போய்விட்டார். போன வருஷம் போலவே போனை அணைத்து, ரொட்டி டப்பாவுக்குள் போட்டு மூடியும் விட்டார். அதற்கு நாலாம் நாள், வியாழக்கிழமை, மூத்தாரின் ஃபைல் ஜாஸ்குல்லுக்கு வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை எர்மெக் குடும்பத்தின் சொந்த ஊர்க் கால்வாயில் முதல் மதகு திறப்பு. ஊரே கூடப் போகிறது. விருந்துக்கு ஆடு பார்த்தாகிவிட்டது. மேல் கால்வாயில் தண்ணீரும் விட்டாகிவிட்டது. "ரெண்டு நாளுக்குள்ள பேரைப் போட்டுடும்மா" என்று அவர் ஒரு வரி எழுதியிருந்தார்.

அவள் திறந்து பார்த்தாள். முதல் பார்வையிலேயே சிரிப்பு முட்டியது. போர்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் உண்டு, ஃபைலில் எல்லாவற்றையும் அந்த எண் வரிசைப்படி எழுத வேண்டும் என்பது விதி. மூத்தாரோ மோட்டாரைத் தூக்கி உச்சியில் உட்கார வைத்திருந்தார். அடுத்தது தண்ணீர் மட்டம் பார்க்கிற கருவி. அதற்கடுத்தது கடிகாரம். பாவம், பச்சை விளக்கு மட்டும் வாசலோரம், செருப்புப் பக்கத்தில். விருந்தில் வயசுக்கும் மரியாதைக்கும் தக்கபடி ஆட்களை உட்கார வைப்பாரே, அதே பழக்கம் கைக்குள் இறங்கி ஃபைல் வரைக்கும் வந்திருந்தது. தாலாய் இப்படி எழுதியிருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். இப்போது வாயை மூடிக்கொண்டு கீழே போனாள்.

நூற்று நாற்பத்து மூன்றாம் வரியில் சிரிப்பு நின்றுவிட்டது.

மோட்டாருக்கு மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் செய்கிற ரிலே என்ற சுவிட்ச் பற்றிய வரி அது. போர்டிலிருந்து அதற்குப் போகிற கம்பியில் மின்சாரம் ஏறினால் மோட்டார் ஓடும், இறங்கினால் நிற்கும் என்று எழுதியிருந்தார். பழைய ரிலேவுக்கு அது சரி. ஆனால் பழைய ரிலே கடைகளில் கிடைக்காமல் போய், பிப்ரவரியிலேயே வேறொன்று வாங்கிவிட்டார்கள். புதியதற்கு எல்லாம் தலைகீழ்: இறங்கினால்தான் ஓடும். விற்றவர்கள் கொடுத்த காகிதத்தில், நாலாம் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில் இருந்தது. மூத்தார் பழைய போர்டின் ஃபைலை அப்படியே நகல் எடுத்து, பழைய ரிலேவை மேசையில் வைத்துச் சோதித்து, எல்லாம் சரி என்று முடிவு கட்டியிருந்தார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும்? மூத்தார் ஊர் முன்னால் சுவிட்சைப் போடுவார். போர்டு கண் விழித்ததும் முதல் காரியமாக மோட்டாரை நிறுத்தப் பார்க்கும். நிறுத்து என்றால் ஓடும். மதகு தானே தூக்கிக்கொண்டு திறக்கும், மூட யாராலும் முடியாது. கீழே மீராப் கல்மாத்தின் வெங்காய நாற்று. மீராப் என்றால் ஊருக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர், அவர் நாற்றையே மூழ்கடித்தால் அந்தக் குடும்பம் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?

கையெழுத்துப் போட முடியாது. போடாமல் இருக்க வேண்டுமானால் ஏன் என்று எழுத வேண்டும். மூத்தாருக்கு, "நீங்கள் எழுதியது தப்பு" என்று கெலின் எப்படி எழுதுவது?

அன்று அவள் ஒன்பது குறிப்பு எழுதி ஒன்பதையும் அழித்தாள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நாலு வார்த்தையில் சூடு வைக்கிறவளுக்கு அன்றைக்கு விரல் வழுக்கியது. பத்தாவதாக, நன்றாகப் பூசி மெழுகி இப்படி எழுதினாள்: "பைகே, மிகவும் அழகாக இருக்கிறது. 143-ஆம் வரியில் ரிலே ஒருவேளை வேறு விதமாக நினைக்கக்கூடுமோ என்று சின்னச் சந்தேகம். நீங்கள் ஒரு தடவை பார்த்துவிட்டால் சரியாகத்தான் இருக்கும்."

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. "பார்த்துவிட்டேன். சரியாகத்தான் இருக்கிறது. நன்றி, கெலின்."

தாலாய் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ரிலே வேற மாதிரி நெனைக்குமா? அக்கா, எனக்கு ஒரு தடவையாவது இப்படி எழுதியிருக்கியா நீ? 'இதை எழுதும்போது தூங்கிட்டியா'ன்னு எழுதுன ஆளு நீ!"

"தூங்கிட்டுத்தானே எழுதியிருந்தே? போ அந்தப் பக்கம்."

வீட்டுக்குப் போய்ப் புருஷனைப் பிடித்தாள். எர்மெக் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார். ஒரு விசில் ஊதினால் முந்நூறு பிள்ளைகள் ஓடும். அப்பேர்ப்பட்ட வீரர், விஷயத்தைக் கேட்டதும் சோபாவின் மூலைக்கு நகர்ந்துவிட்டார்.

"எங்கண்ணன்கிட்ட நான் போயி அவரு தப்புன்னு சொல்லணுமா? ரிலேன்னா என்னன்னே எனக்குத் தெரியாது."

"நான் சொல்லித் தர்றேன். நிறுத்துன்னா ஓடும். அவ்ளோதான்."

"எனக்கு நீச்சல் கத்துக்கொடுத்ததே அவருதான் ஜாஸ்குல்."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்" என்று அவர் டிவியைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூத்தார் வீட்டில் சாப்பாடு. வாரா வாரம் உள்ளதுதான். மூத்தார் பந்தியின் தலைப்பக்கம், அவர் பக்கத்தில் எர்மெக், எதிரே மூத்தாரின் மனைவி ஐஜார்கின், ஜாஸ்குல்லுக்கு ஓரகத்தி. கதவோரம், தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஜாஸ்குல். ஊற்றிக் கொடுப்பது இளைய மருமகளின் வேலை. கிண்ணத்தில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் ஊற்ற வேண்டும். கொஞ்சமாக ஊற்றினால், இன்னும் இருங்கள், உங்களுக்கு நூறு தடவை ஊற்ற நான் தயார் என்று அர்த்தம். தளும்ப ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். வேண்டாத விருந்தாளிக்குத்தான் அப்படி ஊற்றுவார்கள்.

மூத்தார் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். "ஞாயித்துக்கிழமை கல்மாத் கிழவன் மூஞ்சியப் பாக்கணும்டா. நாப்பது வருஷமா மதகுச் சக்கரத்தக் கையால சுத்துறான். நான் ஒரு பித்தான அமுக்கப் போறேன்" என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் கதவுப் பக்கம் திரும்பி, "கெலின், பேர் போட்டியாம்மா?" என்று கேட்டார்.

"நாளைக்கிப் போட்டுர்றேன் பைகே" என்று சொல்லிவிடலாம், வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை மென்று விழுங்கிவிட்டுக் கிண்ணத்தை எடுத்தாள். ஊற்றினாள். கால்வாசி தாண்டியது, பாதி தாண்டியது. விளிம்பு தொட்டு, தட்டில் இரண்டு சொட்டு வழிந்தது. அதை இரண்டு கையிலும் ஏந்தி மூத்தார் முன்னால் வைத்தாள்.

எர்மெக் பூர்சோக் என்ற பொரித்த மாவு உருண்டையைக் கடித்தவர் கடித்தபடியே நின்றுவிட்டார். ஓரகத்தி, "அடிப் பாவி!" என்று வாயில் கை வைத்தாள்.

மூத்தார் கிண்ணத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "என்னம்மா இது? என் வீட்டுல இருந்தே என்னை எந்திரிச்சிப் போகச் சொல்றியா?"

"இல்ல பைகே." ஜாஸ்குல் தேநீர்ப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். "இருங்கன்னுதான் மனசு சொல்லுச்சு. கை நேர்மாறாச் செஞ்சிருச்சு."

"நேர்மாறான்னா?"

"அந்த மோட்டாரும் அப்படித்தான் பைகே. போர்டு நில்லுன்னுதான் சொல்லுது. நூத்தி நாப்பத்தி மூணாவது வரியினால அது கெளம்பி ஓடிரும். கல்மாத் தாத்தா நாத்து மேல."

மூத்தார் சூடான கிண்ணத்தை விரலால் பிடித்துத் தூக்கினார். அப்புறம் அதை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்தார். கோட்டை மாட்டினார், செருப்பைப் போட்டார், கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

"போச்சு" என்றார் எர்மெக். "தளும்ப ஊத்துன, போயிட்டாரு. வேலை செய்யுது."

"இப்ப வெளையாடுற நேரமா இது?" என்று ஓரகத்தி அவர் முதுகில் ஒன்று வைத்தாள். ஜாஸ்குல் யாரையும் பார்க்கவில்லை. தொடாத கிண்ணத்திலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. பதினோரு வருஷம் இந்த வீட்டில் சேர்த்து வைத்த நல்ல பெயரை ஒரு கிண்ணத்தில் கொட்டிக் கவிழ்த்துவிட்டோம் என்று அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும், ஊற்றியதற்காக வருத்தப்படவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு வார்த்தைக் குறிப்பும் இல்லாமல், புதிய ஃபைல் மட்டும் அவள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தது. அவள் நேரே நூற்று நாற்பத்து மூன்றுக்குப் போனாள். திருத்தியிருந்தது. அடியில் எழுதியவர் பெயருக்குக் கீழே, முன்பு இல்லாத ஒரு வரி இருந்தது. "பிழை கண்டவர்: ஜாஸ்குல்."

அந்தக் குடும்பத்து வம்சாவளி நீளமானது. பதினான்கு தலைமுறை, தோல் அட்டை போட்ட நோட்டில், மூத்தாரே அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதில் ஒரு பெண் பெயர்கூடக் கிடையாது. பெற்றவளும் இல்லை, கட்டியவளும் இல்லை. ஆண்கள் எல்லோரும் மரத்திலிருந்து உதிர்ந்த மாதிரி இருக்கும். இப்போது அவர் கையால் எழுதிய ஒரு வம்சாவளியில் முதல் முதலாக ஒரு கெலினின் பெயர் ஏறியிருந்தது. மோட்டாருக்கும் பச்சை விளக்குக்கும் கீழேதான், இருந்தாலும் ஏறியிருந்தது. ஜாஸ்குல் சமையலறையில் நின்றபடி அழுதாள்.

அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, "சரிபார்த்தவர்" என்ற இடத்தில் தன் பெயரை அடிக்கப் போனாள். போகிற வழியில் எண்பத்தெட்டாம் வரி கண்ணில் பட்டது. கடைசியில் ஒரு காலி இடம்.

சும்மா விட்டிருக்கலாம். மனுஷர் இரவோடு இரவாகத் திருத்தி, பெயரையும் போட்டு, இவ்வளவு இறங்கி வந்திருக்கிறார். ஐந்து நிமிஷம் அவள் அந்தக் காலி இடத்தை முறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு எழுதினாள். "பைகே, 88-ஆம் வரியின் முடிவில் ஒரு காலி இடம் இருக்கிறது. முகவரி வரிசையும் சரியில்லை. திருப்பி அனுப்புகிறேன்." இந்தத் தடவை ஒன்பது குறிப்பு எழுதி அழிக்கத் தேவைப்படவில்லை.

உடனே போன் அடித்தது.

"மோட்டார எங்க உக்கார வைக்கணும்னும் நீதான் சொல்லணுமா?" மூத்தார் உறுமினார்.

"முகவரிப்படி ஏழாவது எடத்துல பைகே. அது ஒண்ணும் விருந்தாளி இல்ல."

"ஏழாவதா? விளக்குக்குக் கீழயா?"

"விளக்குக்குக் கீழதான்."

மூத்தார் போனை வைத்துவிட்டார். அரை மணியில் மூன்றாவது ஃபைல் வந்தது. மோட்டார் ஏழாவது இடத்தில், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் மூன்று தடவை படித்தாள். பெயரைப் போட்டாள். மூத்தார் கோபமா இல்லையா என்று மட்டும் எந்த வரியிலும் எழுதியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கால்வாய்க் கரையில் ஊரே நின்றது. வெள்ளைத் தொப்பிக் கிழவர்கள் முன்வரிசையில். மீராப் கல்மாத் தன் பழைய சக்கரத்தின் மேல் கை வைத்துக்கொண்டு, "என் நாத்து கீழ நிக்குது சகின்பெக். பொழுதுபோக்குக்கு நடல" என்றார்.

மூத்தார் சுவிட்சைப் போட்டார்.

ஜாஸ்குல் பெண்கள் கூட்டத்தின் கடைசியில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மதகு அசையவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. மேல் கால்வாய்த் தண்ணீர் பலகையில் மோதிச் சுழன்றது, ஒரு சொட்டுக் கூடக் கீழே போகவில்லை.

"என்னய்யா, ஒண்ணுமே நடக்கல?" என்றார் கல்மாத்.

"நடக்கலல்ல? அதத்தான் பாருங்க" என்றார் மூத்தார். அப்படி ஒரு பெருமையோடு ஒன்றும் நடக்காததை ஊருக்குக் காட்டிய மனுஷர் வேறு யாரும் இருக்க மாட்டார். அதற்குப் பிறகுதான் பித்தானை அமுக்கினார். மதகு முனகிக்கொண்டு ஒரு சாண் உயர்ந்தது, சொன்ன இடத்தில் நின்றது. கிழவர்கள் உள்ளங்கை விரித்து ஆசி சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

புல்வெளியில் விரிப்புப் போட்டு விருந்து நடந்தது. ஜாஸ்குல் வழக்கம்போல ஓரமாக, தேநீர்ப் பாத்திரத்தின் பக்கம் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மேலே ஒரு நிழல் விழுந்தது. மூத்தார் குனிந்து, பாத்திரத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவள் பதறி எழப் போனாள்.

"உக்காரும்மா."

"பைகே, எல்லாரும் பாக்குறாங்க..."

"பாக்கட்டும். வெள்ளிக்கிழமை நேரா ஆபீசுக்குப் போனேன். புது ரிலேவ மாட்டி நில்லுன்னேன், ஓடிச்சு. மறுபடியும் நில்லுன்னேன், மறுபடியும் ஓடிச்சு. மூணாவது தடவை தரையில உக்காந்துட்டேன்." ஒரு கிண்ணத்தை எடுத்து, அடியில் கொஞ்சம், கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே ஊற்றினார். இரண்டு கையாலும் நீட்டினார்.

மூத்தார் கெலினுக்கு ஊற்றிக் கொடுத்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. எர்மெக் மறுபடியும் வாயில் பூர்சோக்கோடு நின்றார்.

ஜாஸ்குல் வாங்கிக் குடித்தாள். இரண்டு மடக்குதான் இருந்தது. கிண்ணத்தைக் கீழே வைப்பதற்குள் அவர் மறுபடியும் ஊற்றினார். மறுபடியும் கொஞ்சம். அவள் குடிக்கக் குடிக்க, வெள்ளைத் தொப்பிகள் பார்க்கப் பார்க்க, ஊற்றிக்கொண்டே இருந்தார். ஆறாவது கிண்ணத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. ஏழாவதை நீட்டும்போது மூத்தார் அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஆனாலும் அந்த எண்பத்தெட்டாவது வரி கொஞ்சம் அதிகந்தாம்மா" என்றார்.

"அதிகம் இல்ல பைகே" என்றாள் ஜாஸ்குல், நேராக அவர் முகத்தைப் பார்த்து.